செக் நாட்டின் புதுக் கட்டடங்களைப் பார்ப்பது எப்படி? பக்கத்து வீட்டிலிருந்து தொடங்குங்கள்

பிராக் நகரத்துக்குப் போய் வந்தவர்களின் கைபேசியில் கோட்டை இருக்கும், சார்லஸ் பாலம் இருக்கும், வானியல் கடிகாரம் இருக்கும். புதிய கட்டடம் ஏதாவது உண்டா என்று தேடினால், இடுப்பை வளைத்து நிற்கும் ஆடும் வீட்டின் படம் ஒன்று அகப்படும். அதுவும் டிராம் ஜன்னல் வழியாக அவசரத்தில் எடுத்ததாக இருக்கும். 1989-க்குப் பிறகு அந்த நாட்டில் எழுந்த நல்ல கட்டடங்கள் ஏராளம். அவற்றில் பாதி, கவனிக்காமல் கடந்து போகும்படி அடக்கமாக நிற்பதால், கொஞ்சம் தயாரிப்போடு போனால்தான் கண்ணில் படும். படிக்கவோ வேலைக்கோ அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்கும், சுற்றுலாவில் இரண்டு மூன்று நாளை இதற்கென்று ஒதுக்க நினைப்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. கட்டடக்கலை படித்திருக்கத் தேவையில்லை.

என் முறை மிக எளிது. புதுக் கட்டடத்தின் முன்னால் போய் நின்றதும் அதைப் பார்க்காதீர்கள். இடதும் வலதும் இருக்கும் வீடுகளை முதலில் பாருங்கள். அந்த நாட்டுக்காரர்களே அப்படித்தான் எடைபோடுகிறார்கள். பழைய கட்டடங்களை இடிப்பதை எதிர்ப்பதற்காக 1900-இல் தொடங்கப்பட்ட 'பழைய பிராகுக்கான கழகம்' என்ற அமைப்பு, 2004 முதல் ஒரு விருது வழங்கி வருகிறது. வரலாற்றுச் சூழலில் எழுந்த சிறந்த புதுக் கட்டடத்துக்கான விருது அது. கடப்பாரையைக் கண்டால் சாலை மறியலுக்குக் கிளம்பக்கூடியவர்கள் புதுக் கட்டடத்துக்கு மாலை போடுகிறார்கள் என்றால், அங்கே 'சூழலோடு பொருந்துவது' என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ளலாம். பிராக் நகரின் வரலாற்று மையம் முழுவதும், ஏறத்தாழ 866 ஹெக்டேர், 1992-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே ஒரு ஜன்னலை மாற்றுவதற்கும் பாரம்பரியப் பாதுகாப்புத் துறையின் கருத்தைக் கேட்டாக வேண்டும்.

முதல் படி: புறப்படும் முன் நான்கு ஆண்டுகளை மனத்தில் வையுங்கள்

1918, 1948, 1968, 1989. இவை தெரிந்தால் போதும், பாதிக் கட்டடங்களின் வயதை நீங்களே ஊகித்துவிடலாம்.

1918-இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. புதிய நாடு, புதிய பணம், புதிய ரசனை. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலான இருபது ஆண்டுகளில் பிர்னோவிலும் ஸ்லீனிலும் பிராகிலும் வெள்ளைச் சுவர், தட்டையான கூரை, நீளமான ஜன்னல் என்ற நவீனப் பாணி ஊர்ப் பாணியாகவே ஆனது. 1948-இல் கம்யூனிஸ்டு ஆட்சி வந்ததும் தனியார் கட்டடக்கலை அலுவலகங்கள் மூடப்பட்டு, எல்லோரும் அரசு வடிவமைப்பு நிறுவனங்களின் ஊழியர்கள் ஆனார்கள். ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய 'பனெலாக்' அடுக்ககங்கள் அந்தக் காலத்தவை. 1968-இல் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது பல இளம் கட்டடக் கலைஞர்கள் லண்டனுக்குப் போய்த் தங்கிவிட்டார்கள். ஏவா யிர்ஷிச்னா, யான் கப்லிட்ஸ்கி இருவரும் அவர்களில் பெயர் பெற்றவர்கள். 1989-க்குப் பிறகு தனியார் அலுவலகங்கள் மீண்டும் திறந்தன. நாம் பார்க்கப் போகும் 'சமகாலம்' அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ கிளம்புபவர்களுக்கு இன்னொரு யோசனை. செக் கட்டடக் கலைஞர் ஒருவரின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வடிவமைத்த அந்தோனின் ரேமண்ட், 1888-இல் பிராகுக்கு அருகிலுள்ள கிளாத்னோவில் பிறந்தவர். கட்டுமானத்தைக் கூட இருந்து நடத்தியவர்களில் ஃபிரான்டிஷெக் சாம்மர் என்ற இன்னொரு செக்காரரும் உண்டு. இந்தியாவின் தொடக்ககால நவீன கான்கிரீட் கட்டடங்களில் அதுவும் ஒன்று. ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் சுவர் முழுவதும் திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள், அறைகளுக்குச் சறுக்கும் தேக்குக் கதவுகள், இரு பக்கமும் தோட்டம், குறுக்கே ஓடும் கடற்காற்று. ஐரோப்பாவில் கற்ற பாணியை வங்கக் கடலின் வெயிலுக்கு ஏற்ப மாற்றிய விதத்தைப் பார்த்துவிட்டுப் போனால், அங்கே எதைத் தேட வேண்டும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். உள்ளே போக ஆசிரமத்தின் அனுமதி தேவை. தெருவிலிருந்தும் ஓரளவு தெரியும்.

இரண்டாம் படி: எந்தக் கட்டடத்திடமும் கேட்க வேண்டியவை

உயரத்தைக் கேளுங்கள். இரு பக்கத்து வீடுகளின் கூரை விளிம்பு எங்கே முடிகிறது, புதிய கட்டடத்தின் விளிம்பு எங்கே முடிகிறது? ஐரோப்பியத் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டியே வீடுகள் நிற்பதால் இந்தக் கோடு மிக முக்கியம்.

தரைத்தளத்தைக் கேளுங்கள். நடந்து போகிறவருக்கு அங்கே ஒரு கதவோ கடையோ உட்கார ஒரு திண்ணையோ இருக்கிறதா, அல்லது வாகன நிறுத்தத்தின் இரும்புக் கதவு மட்டும்தானா? மேலே எவ்வளவு அழகிருந்தாலும் கீழே வெறும் சுவர் என்றால் நான் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.

முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். குண்டு விழுந்த மனையா, மூடிய ஆலையா, ஆறு வெள்ளத்தில் அடித்துப் போன கரையா? செக் நாட்டில் இந்தக் கேள்விக்கு அநேகமாக எப்போதும் பதில் உண்டு.

கடைசியாக, பழையதும் புதியதும் தொட்டுக்கொள்ளும் இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். கட்டியவரின் நாணயம் அந்த ஒரு முழ அகலத்தில் தெரிந்துவிடும். சிலர் நடுவில் ஒரு கண்ணாடிப் பட்டை விட்டு ஒதுங்குவார்கள். சிலர் அதே செங்கல்லைத் தேடிப் பிடித்து ஒட்டுவார்கள். சிலர் சிமென்ட்டைப் பூசி மறைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மூன்றாம் படி: பிராகில் ஒரு நாள் நடை

மெட்ரோவின் பி தடத்தில் கார்லோவோ நாமியெஸ்தி நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், எமவுஸி மடத்தின் வளாகத்தில், பிராக் நகராட்சியின் திட்டமிடல் நிறுவனம் நடத்தும் 'கேம்ப்' என்ற கட்டடக்கலை மையம் இருக்கிறது. 2017-இல் திறந்தது, அனுமதி இலவசம், காப்பிக் கடையும் உண்டு. நகரில் அடுத்து என்ன கட்டப் போகிறார்கள் என்பதைக் கண்காட்சியாக வைத்திருப்பார்கள். அது இயங்கும் கண்ணாடிப் பெட்டிக் கட்டடங்களையும் கவனியுங்கள். காரெல் பிராகர் வடிவமைத்தவை. பதினான்காம் நூற்றாண்டு மடத்தின் அருகில் இப்படியா கட்டுவது என்று அவரைத் திட்டியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அவற்றின் மெலிந்த கால்கள் பிடிக்கும்.

வெளியே வந்து மடத்தின் தேவாலயத்தை நிமிர்ந்து பாருங்கள். கோத்திக் சுவர்களுக்கு மேலே இரண்டு வெள்ளைக் கான்கிரீட் இறக்கைகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து கூராக முடிகின்றன, நுனிகளில் பொன்முலாம். 1945 பிப்ரவரி 14 அன்று ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போக வேண்டிய அமெரிக்க விமானங்களில் சில வழி தவறிப் பிராகின் மேல் குண்டு போட்டன. அதில் இந்தத் தேவாலயத்தின் கோபுரங்கள் விழுந்தன. ஃபிரான்டிஷெக் மரியா செர்னி அவற்றை அப்படியே நகலெடுத்துக் கட்டாமல், 1960-களின் இறுதியில் இந்த இறக்கைகளை வைத்தார். இழப்பை மறைக்காமலே வானக்கோட்டின் பல்வரிசையை நிரப்பிவிட்டார்.

இனி ஆற்றை நோக்கி இறங்குங்கள். வல்தாவா ஆற்றின் கரையில், தெருமட்டத்துக்குக் கீழே படகுகள் கட்டும் கற்படித்துறை இருக்கிறது, நாப்லவ்கா என்பார்கள். கரைச் சுவருக்குள் ஒரு காலத்தில் பனிக்கட்டி சேமித்த நிலவறைகள் வீணாகக் கிடந்தன. பெட்ர் யாண்டா என்ற கட்டடக் கலைஞர் அவற்றைக் காப்பிக் கடைகளாகவும் சிறு கலைக்கூடங்களாகவும் மாற்றினார், 2019-இல் திறந்தன. ராஷீன் கரையில் இருக்கும் ஆறு அறைகளின் முகப்பில் நின்று பாருங்கள். கல் வளைவு முழுவதையும் அடைத்தபடி ஒரே நீள்வட்டக் கண்ணாடி. அதுவே ஜன்னல், அதுவே கதவு. மோட்டாரால் அது சாய்வாகச் சுழன்று திறக்கும்போது, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் கரையில் நடப்பவருக்கும் நடுவில் எதுவும் இல்லாமல் போகிறது. மேலே தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. சமகாலப் பிராகில் எனக்கு மிகப் பிடித்த வேலை இது. சனிக்கிழமை காலையில் போனால் அதே கரையில் உழவர் சந்தை நடக்கும். கூட்டம் அதிகம், ஆனால் இடம் எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க அதுவே நல்ல நேரம்.

கரையோரமாக வடக்கே நடந்தால் சில நிமிடங்களில் ஆடும் வீடு. நேர் எதிரில் நிற்காமல் பாலத்தின் மேல் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பாருங்கள். இந்த மூலையும் அதே 1945 குண்டுவீச்சில் காலியானதுதான். அடுத்த வீட்டில்தான் வாட்ஸ்லாவ் ஹாவெல் குடியிருந்தார். அவருடைய அண்டை மனைக்கு 1980-களிலேயே யோசனை சொன்னவர், குரோவேஷியாவில் பிறந்து பிராகில் வாழ்ந்த விளாடோ மிலுனிச். ஹாவெல் குடியரசுத் தலைவரானார், டச்சுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று பணம் போட்டது, அமெரிக்காவிலிருந்து ஃபிராங்க் கெரி வந்து சேர்ந்தார்; 1996-இல் கட்டடம் முடிந்தது.

இது சூழலை மதிக்காத கட்டடம் என்று அப்போது பெரிய கூச்சல். நீங்கள் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கூரைக்கோடு பக்கத்து வீடுகளின் உயரத்தை ஒட்டியே போகிறது. ஆனால் அதே உயரத்துக்குள் பக்கத்து வீடுகளில் உள்ளதைவிட அதிக மாடிகள் இருக்கின்றன. ஜன்னல்களை நேர்வரிசையில் வைத்திருந்தால் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்து தெரு கலைந்திருக்கும். அதனால்தான் ஜன்னல்கள் ஏறி இறங்குகின்றன, பூச்சில் அலைக்கோடுகள் ஓடுகின்றன. கண்ணாடிக் கோபுரம் நடுவில் ஒடுங்கியதற்கும் காரணம் உண்டு: பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியை மறைக்காமல் இருக்க. ஆட்டம் போடுவதாகச் சொல்லப்படும் கட்டடம் உண்மையில் அண்டை வீட்டுக்காரருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது! உள்ளே இப்போது ஹோட்டல். மேல்மாடி மதுக்கூடத்தில் எலுமிச்சைச் சாறு வாங்கினாலும் மொட்டைமாடிக்குப் போக விடுவார்கள்.

அங்கிருந்து தேசிய நாடக அரங்கம் பத்து நிமிட நடை. 1983-இல் அதன் பக்கத்தில் பிராகர் எழுப்பிய 'புதிய மேடை', ஊதிச் செய்த கண்ணாடிக் கட்டிகளால் மூடப்பட்டது; கட்டிகளை வடிவமைத்தவர் கண்ணாடிக் கலைஞர் ஸ்தானிஸ்லாவ் லிபென்ஸ்கி. அழகா என்றால் எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. அதே நாரோத்னி தெருவின் கோடியில் 1975-இன் மாய் பல்பொருள் அங்காடி. இதைப் புதுப்பித்து 2024-இல் திறந்தபோது முகப்பில் அசையும் வண்ணத்துப்பூச்சிச் சிலைகளை ஏற்றிவிட்டார்கள். அவற்றைக் கண்ணால் கழித்துவிட்டு, அடியில் இருக்கும் கட்டடத்தைப் பாருங்கள்.

நேரமிருந்தால் மறுநாள் கோட்டைக்குப் போங்கள். தேவாலயத்துக்காக இல்லை, கோட்டைக்கு வடக்கேயுள்ள மான் பள்ளத்தாக்குக்காக. பதினெட்டாம் நூற்றாண்டில் போட்ட மண்கரை ஒன்று அந்தப் பள்ளத்தை இரண்டாக அடைத்திருந்தது. யோசெஃப் பிலெஸ்கொட் 2002-இல் அதன் அடியில் 84 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைச் சுரங்கம் போட்டார். முட்டை வடிவ வளைவு, முழுவதும் சுட்ட செங்கல், பக்கத்தில் ஓடை. உள்ளே போனால் காலடிச் சத்தமும் தண்ணீரும் தவிர வேறொன்றும் கேட்காது. மேலேயிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒரு கட்டுமானம் நடந்ததே தெரியாது. பள்ளத்தாக்கை அடிக்கடி மூடிவிடுவார்கள் என்பதால் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று கோட்டையின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான்காம் படி: உள்ளே நுழையுங்கள்

முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவது சாப்பாட்டுப் பந்தியில் இலையைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவது மாதிரி. உள்ளலங்காரத்துக்கு செக் நாட்டில் பழைய வேர் உண்டு. அதிலிருந்தே தொடங்குவது நல்லது.

பழைய நகரத்தின் செலெட்னா தெருவில் 'கறுப்பு மடோன்னா வீடு'. யோசெஃப் கோச்சார் 1912-இல் முடித்தது. பொருள்களைக் கோணப் பட்டைகளாக உடைத்துக் காட்டும் கியூபிசத்தை ஓவியத்திலிருந்து எடுத்துக் கட்டடமாகக் கட்டிப் பார்த்தவர்கள் செக்காரர்கள்தான்; வேறெங்கும் அது இந்த அளவுக்குப் போகவில்லை. இத்தனைக்கும் இது அலங்காரம் மிகுந்த பழைய பரோக் பாணி வீடுகளின் தெரு. பக்கத்து வீடுகளைப் போலவே மடிப்புக் கூரையும் மாட ஜன்னலும் வைத்துவிட்டு, அந்த மரியாதைக்குள் பட்டை தீட்டிய ஜன்னல்களையும் வாசலையும் நுழைத்துவிட்டார் கோச்சார். முதல் மாடியில் உள்ள ஓரியண்ட் காப்பிக் கடை 2005-இல் மீண்டும் திறந்தது. விளக்கு, கோட்டு மாட்டும் கொக்கி எல்லாமே கோணல்மாணலான பட்டைகளாக இருக்கும். படிக்கட்டின் உச்சியிலிருந்து கீழே எட்டிப் பாருங்கள்; கைப்பிடியின் வளைவு மின்விளக்குக் குமிழின் வடிவில் தெரியும்.

ஸ்ட்ரெஷோவிட்செ பகுதியில் அடோல்ஃப் லோஸ் கட்டிய மியூலர் வில்லா, 1930. வெளியே அலங்காரமே இல்லாத வெள்ளைப் பெட்டி. உள்ளே பச்சை நரம்போடிய பளிங்கு, பளபளக்கும் மரம்; ஒவ்வோர் அறையும் வெவ்வேறு மட்டத்தில், நாலைந்து படி ஏறினால் ஒன்று, இரண்டு படி இறங்கினால் இன்னொன்று. முன்பதிவு செய்து வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். இடம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பில்செனில் அவர் செய்த குடியிருப்பு உள்ளலங்காரங்களையும் வழிகாட்டியோடு பார்க்கலாம், பிராகிலிருந்து ரயிலில் போய் அன்றே திரும்பிவிடலாம்.

சமகாலத்துக்கு, தெய்விட்செயில் உள்ள தேசியத் தொழில்நுட்ப நூலகத்தைச் சொல்வேன். புரோயெக்டில் என்ற குழு வடிவமைத்தது, 2009-இல் திறந்தது. மூலைகளை உருட்டிய சதுரம். அது மனை முழுவதையும் அடைத்துக்கொள்ளாமல் சுற்றிலும் மாணவர்களுக்கு இடம் விட்டிருக்கிறது. உள்ளே தரையைக் கவனியுங்கள். பல நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிவது வெறும் அலங்காரம் என்று தோன்றும். பாரத்தில் தளம் எங்கே எவ்வளவு வளைகிறது என்பதன் வரைபடம் அது. பூசாத கான்கிரீட் சுவர்களில் ருமேனியக் கலைஞர் டான் பெர்யோவ்ஸ்கியின் கேலிச் சித்திரங்கள். தரைத்தளத்துக்குள் யாரும் போகலாம்.

கண்ணாடிப் படிக்கட்டுகளுக்குப் பெயர் போன ஏவா யிர்ஷிச்னாவின் கைவண்ணத்தைப் பார்க்க, பழைய நகரத்திலுள்ள ஹோட்டல் யோசெஃபின் வரவேற்பறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும். நாற்காலிகளில் ஆர்வமிருந்தால், எந்த உணவகத்திலும் உட்காரும் முன் இருக்கையின் அடியில் பாருங்கள்: 'தொன்' என்ற முத்திரை அடிக்கடி தெரியும். ஆவியில் வளைத்த மர நாற்காலியை உலகெங்கும் பரப்பிய தோனெட் குடும்பம் 1861-இல் பிஸ்ட்ரிட்செ பொட் ஹோஸ்டீனெம் ஊரில் தொடங்கிய ஆலையில் இன்றும் அதே வேலை நடக்கிறது.

ஐந்தாம் படி: பிராகை விட்டு வெளியேறுங்கள்

பிராகில் மட்டும் இருந்துவிட்டுத் திரும்பாதீர்கள். அந்நியப் பணமும் புகழ் பெற்ற பெயர்களும் அங்கே குவிவதால், துணிச்சலான வேலை பல நேரம் வேறு ஊர்களில்தான் நடக்கிறது. தலைநகரில் துணிச்சலுக்குக் கிடைத்த மரியாதைக்கு யான் கப்லிட்ஸ்கியே சாட்சி: தேசிய நூலகத்துக்கான போட்டியில் 2007-இல் வென்றார், அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள், நூலகம் எழவில்லை, 2009-இல் அவரும் மறைந்தார்.

பிர்னோ ரயிலில் இரண்டரை மணி நேரத் தொலைவு. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹேயின் துகென்தாட் வில்லாவுக்கு மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுக்க வேண்டும். பயணத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு மாடி வீடுபோல அடக்கமாக இருக்கும். உள்ளே இறங்கினால் சரிவு முழுவதும் தோட்டத்தை நோக்கித் திறக்கிறது. சுவர் அகலக் கண்ணாடிகளில் இரண்டைத் தரைக்குள் இறக்கிவிடலாம். மாலைச் சூரியன் படும்போது ஓனிக்ஸ் கற்சுவர் சிவப்பாகக் கனல்கிறது. டிக்கெட் கிடைக்காதவர்கள் தோட்டத்தையாவது கேட்டுப் பாருங்கள்.

அதே ஊரில் ஸ்வொனார்ஷ்கா பஸ் நிலையம். 1988-இன் கனத்த இரும்புக் கட்டுமானம். இடிக்கப் போகிறார்கள் என்றபோது சிபிக் பிளஸ் கிரிஸ்டோஃப் என்ற இளம் அலுவலகம் தானாகவே முன்வந்து அதைக் காப்பாற்றும் திட்டத்தைத் தயாரித்தது. பத்தாண்டு அலைந்து 2021-இல் முடித்தார்கள். அவர்கள் செய்தது இருட்டை நீக்கியது, பெயின்ட் அடித்தது, பயணிக்கு வழியைத் தெளிவாக்கியது, அவ்வளவுதான். லெஸ்னா என்ற பனெலாக் குடியிருப்பில் மாரெக் யான் ஷ்தியெபானின் வட்டமான மரியா ரெஸ்டிடூடா தேவாலயம், 2020-இல் அர்ச்சிக்கப்பட்டது. கூரைக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் வானவில் நிறத்தில் கண்ணாடிப் பட்டை. பலகைக் கட்டடங்களுக்கு நடுவே அலங்காரம் எதுவும் எடுபடாது என்று தெரிந்து, வட்டம் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறார். பனெலாக் என்றாலே முகம் சுளிப்பவர்கள் லெஸ்னாவின் மரங்களுக்கிடையே ஒரு மணி நேரம் நடந்துவிட்டுப் பேசட்டும்.

ஒஸ்த்ராவாவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். நிலக்கரியும் இரும்புமாக இருந்த ஊர். டோல்னி வீட்கோவிட்செ இரும்பு ஆலை 1998-இல் உலையை அணைத்தது. மான் பள்ளத்தாக்கில் நடைச் சுரங்கம் போட்ட அதே பிலெஸ்கொட் இங்கே வந்து, வாயு சேமித்து வைத்த பிரம்மாண்டமான உருளைத் தொட்டியின் மூடியை மேலே உயர்த்தி நிறுத்தி, அடியில் 'கோங்' என்ற இசை அரங்கத்தை அமைத்தார், 2012. தொட்டியின் ஆணியடித்த தகடுகள் உள்ளே அப்படியே தெரிகின்றன. பக்கத்து ஊதுலையின் உச்சியில் 2015-இல் ஏற்றிய பார்வைக் கோபுரத்துக்கு, அந்த ஊர் ஓட்டப் போட்டிகளுக்கு அடிக்கடி வந்த உசேன் போல்டின் பெயர்.

ஆனால் ஒஸ்த்ராவாவில் நீங்கள் தவறவிடக் கூடாதது பிளாட்டோ கலைக்கூடம். பழைய நகராட்சி இறைச்சிக்கூடத்தைப் போலந்துக் கட்டடக் கலைஞர் ரோபர்ட் கொனியெச்னியின் அலுவலகம் மாற்றி அமைத்தது. 2022-இல் திறந்து, ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோஹே விருதின் 2024 இறுதிச் சுற்று வரை போனது. செங்கற்சுவர்களில் ஆலைக் கரி படிந்திருந்தது, கழுவவில்லை. சிதைவால் சுவர்களில் பெரிய பெரிய ஓட்டைகள். அவற்றைச் செங்கல் வைத்து அடைக்கவும் இல்லை, கண்ணாடி போட்டு ஜன்னலாக்கவும் இல்லை. சுவரின் அதே வேலைப்பாட்டை நுண்கான்கிரீட்டில் வார்த்து, ஓட்டை அளவுக்கே ஒரு சுவர்த்துண்டு செய்து, அதைச் சுழலும்படி மாட்டியிருக்கிறார்கள். திருப்பினால் கலைக்கூடத்தின் அறை நேராகத் தெருவுக்குத் திறக்கிறது. சிற்பத்தை உள்ளேயிருந்து வெளியே கொண்டுவரலாம். வழியே போகிறவர் உள்ளே நுழையாமலே எட்டிப் பார்க்கலாம். கறுத்த பழஞ்செங்கல்லும் வெளிறிய புதுக் கான்கிரீட்டும் சந்திக்கும் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். ஒரே பூவேலை இரு பக்கமும் தொடர்கிறது, நிறம் மட்டும் மாறுகிறது. இரண்டாம் படியில் சொன்ன கடைசிக் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை. வெளியே தார் போடாமல், நீர் இறங்கும் தரையும் செடிகளுமாக விட்டிருக்கிறார்கள்.

சிற்றூர்களில் ஒன்றே ஒன்று என்றால் லிட்டொமிஷ்ல். இசையமைப்பாளர் ஸ்மெதனா 1824-இல் பிறந்த ஊர். கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. 1990-களிலிருந்து நகராட்சி நல்ல கட்டடக் கலைஞர்களை விடாமல் அழைத்துவந்ததால், ஒரே குன்றில் மறுமலர்ச்சிக் கோட்டை, பிலெஸ்கொட் புதுப்பித்த கோட்டை மதுவடிசாலை, ஷ்தியெபான் சீரமைத்த பியாரிஸ்டுத் துறவிகளின் தேவாலயம், மடத்தின் தோட்டம் என எல்லாம் சண்டையில்லாமல் நிற்கின்றன. இறங்கி வரும் வழியில் போர்ட்மோனேயும் என்ற சிறு வீட்டுக்குள் போங்கள். 1920-களில் யோசெஃப் வாஹால் சுவர், கூரை, கதவு, மரச்சாமான் என எதையும் விடாமல் பேய்களையும் தெய்வங்களையும் வரைந்து தள்ளியிருக்கிறார். உள்ளலங்காரம் என்றால் சாம்பல் நிறமும் வெள்ளை நிறமும்தான் என்று நம்புகிறவர்களுக்கு நல்ல மருந்து.

வாகன வசதி இருப்பவர்களுக்கு இன்னும் சில, வேகமாக: ஹெல்ஃப்ஷ்டீன் கோட்டையில் இடிந்த அரண்மனைக்குள் துருநிற எஃகு நடைபாதைகளும் கண்ணாடிக் கூரையும் போட்டிருக்கிறார்கள், 2020. நோவி போரில் லாஸ்விட் கண்ணாடி நிறுவனத்தின் தலைமையகம், பழைய கண்ணாடித் தொழிலாளர் வீடுகளை ஒட்டி, அவற்றின் ஓட்டுச் சுவரைக் கண்ணாடி ஓடுகளால் திருப்பிச் சொல்லும் புது வீடு. ஸ்லீனுக்கு அருகே சாசோவிட்செ கிராமத்தில் காகிதத்தைச் சுருட்டியது போன்ற வெள்ளைத் தேவாலயம், 2017. லிபெரெட்ஸுக்கு மேலே 1973-இன் யெஷ்டெட் கோபுரம். மலையின் கூம்பை 94 மீட்டர் நீட்டி முடித்துவைத்தது போல நிற்கும். அதை வடிவமைத்த காரெல் ஹுபாச்செக்குக்குக் கட்டி முடிக்கும் முன்பே, 1969-இல், சர்வதேசக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் பெரெ பரிசு கிடைத்தது.

ஆறாம் படி: நாளும் நேரமும் நடத்தையும்

திங்கட்கிழமை வில்லாக்களும் அருங்காட்சியகங்களும் அநேகமாக மூடியிருக்கும். அந்த நாளை வெளியே நடக்க வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கட்டடங்களுக்குள் போக வேண்டுமானால் மே மாதத்தில் நடக்கும் 'ஓபன் ஹவுஸ் பிராகா' வார இறுதி நல்ல வாய்ப்பு. அலுவலகக் கோபுரங்கள், தூதரகங்கள் எல்லாம் இலவசமாகத் திறக்கும், வரிசையில் நிற்கப் பொறுமை மட்டும் வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் நாடு முழுவதும் 'கட்டடக்கலை நாள்' நடைகள். அதே மாதம் பிராகில் 'டிசைன்பிளாக்' என்ற வடிவமைப்புத் திருவிழா. ஓர் ஆண்டில் ஒரு முறைதான் போக முடியும் என்றால் நான் அக்டோபரைத் தேர்ந்தெடுப்பேன்.

பிராகில் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். காகித டிக்கெட்டை முதல் பயணத்தில் இயந்திரத்தில் கொடுத்து முத்திரை குத்தியாக வேண்டும். மறந்தால் அபராதம், சுற்றுலாப் பயணி என்ற சலுகை கிடையாது. வில்லாக்களில் காலணி மேல் உறை மாட்டச் சொல்வார்கள். படம் எடுக்கத் தனி அனுமதியோ கட்டணமோ இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். சிற்றூர்த் தேவாலயங்கள் வழிபாட்டு நேரம் தவிரப் பூட்டியிருக்கும். ஞாயிறு காலை வழிபாடு முடிந்து மக்கள் வெளியே வரும்போது அமைதியாக உள்ளே போய்க் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாலை ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும். குளிர்காலத்தில் போகிறவர்கள் வெளிப்புறங்களை மதியத்துக்குள் முடித்துவிட்டு, நூலகம், காப்பிக் கடை, கோங் அரங்கம் போன்ற உள்ளிடங்களைப் பிற்பகலுக்கு வையுங்கள். நாப்லவ்காவின் கண்ணாடிகள் மட்டும் விதிவிலக்கு. உள்ளே விளக்கு எரியும்போது போங்கள்.